பேறுகாலச் சம்பளம் பிச்சையல்ல!

நூற்பாலையிலே ஒரு கதிர் பழுதாகி நின்றுவிட்டால் என்ன நடக்கிறது? ஃபிட்டர் ஓடி வருகிறார். எண்ணெய் வருகிறது. உதிரிப்பாகம் வருகிறது. மேற்பார்வையாளர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். பழுது தீர்ந்து கதிர் மறுபடி சுழலும்வரை அங்கே எல்லோருக்கும் அதே கவலை! அந்தக் கதிரைப் பார்த்து, "நின்றுவிட்டாய் அல்லவா, வெளியே போ! உன் இடத்துக்கு வேறு கதிர் தேடிக்கொள்கிறோம்" என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. இரும்புக்கு ஓய்வு உண்டு, எண்ணெய் உண்டு, பராமரிப்பு உண்டு.

அதே கதிருக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்று, அறுந்த இழையை ஒட்டும் கைகளுக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாளே, அவள் வயிற்றிலே பிள்ளையைச் சுமந்துகொண்டு, ஏழாம் மாதத்திலே, "அண்ணே, இனி நிற்க முடியவில்லை" என்று சொன்னால் என்ன நடக்கிறது? "வீட்டுக்குப் போம்மா! பெற்றுப் பிழைத்து வா! இடம் இருந்தால் பார்க்கலாம்!" இதுதான் பதில். கூடவே ஒரு வெள்ளைத் தாள். அதிலே ஒரு கையெழுத்து. அந்தத் தாளில் என்ன எழுதப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எழுதியபின் என்ன போயிற்று என்பதும் தெரியாது.

என்ன போயிற்று என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

வேடசந்தூர் சாலையிலே காலையும் மாலையும் ஆலை வேன்கள் பறக்கின்றன. திண்டுக்கல்லைச் சுற்றி, வேடசந்தூரிலும் நத்தத்திலும் நிலக்கோட்டைப் பக்கத்திலும் எழுந்து நிற்கும் நூற்பாலைகளுக்குச் சிற்றூர்களிலிருந்து பெண்களை அள்ளிச் செல்லும் வேன்கள் அவை. அந்த வேனில் ஏறும் ஒரு பெண்ணின் மாதச் சம்பளம் ரூ. 12,000 என்று வையுங்கள். அவள் இ.எஸ்.ஐ.யில் இருப்பவள், வேண்டிய நாட்கள் அவள் கணக்கில் இருக்கின்றன, பிறக்கப்போவது முதல் பிள்ளையோ, இரண்டாவது பிள்ளையோ. அப்படியானால் சட்டம் அவளுக்குத் தருவது 26 வாரச் சம்பளம், முழுச் சம்பளம்! 182 நாட்கள்! கூட்டிப் பாருங்கள், ரூ. 72,000க்குக் குறையாது. வெள்ளைத் தாளில் விழுந்த அந்த ஒரு கையெழுத்துக்கு விலை இதுதான் என்று நினைத்து அவள் வீட்டிலே முடங்கிவிடுகிறாள். உண்மையில் அந்தக் கையெழுத்தாலும் இந்த உரிமை போய்விடாது என்பதை யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த உரிமை எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழுந்ததா? வள்ளல் ஒருவர் வாரி வழங்கியதா? இல்லை, தோழர்களே! 1919இல் வாஷிங்டன் நகரிலே முதலாவது அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு கூடியது. அந்த மாநாடே, பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னுமாகத் தாய்க்கு 12 வாரம் ஓய்வும், அந்த நாட்களில் அவளும் குழந்தையும் நலமாக வாழப் போதுமான தொகையும் வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதியது. பம்பாய் மாகாணத்திலே இதற்கான மசோதா வந்தபோது, 1928இல், சட்டமன்றத்திலே எழுந்து அதை ஆதரித்தவர் அண்ணல் அம்பேத்கர். தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன். அதன் சுமையிலே பெரும்பகுதியை அரசு தாங்கவேண்டியதுதான். அதற்காக, அவள் உழைப்பால் பயனடையும் முதலாளி தப்பித்துக்கொள்ள முடியாது என்பது அவர் வாதம். 1929இல் பம்பாய் அதைச் சட்டமாக்கியது.

நம் சென்னை மாகாணம் பின்தங்கி நின்றதா? 1929இல் செங்கற்பட்டிலே சுயமரியாதை மாநாடு கூடி, பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று முழங்கிய மண் அல்லவா இது! 1934ஆம் ஆண்டின் சென்னைப் பேறுகால உதவிச் சட்டம் பிறந்தது, பொப்பிலி அரசர் முதலமைச்சராயிருந்த நீதிக்கட்சி ஆட்சியிலே. "பணக்காரர் கட்சி, ஜமீன்தார் கட்சி" என்று ஏசப்பட்ட கட்சியின் காலத்திலேதான் ஆலைப் பெண்ணின் பேறுகாலம் இந்த மாகாணத்தின் சட்டப் புத்தகத்தில் ஏறியது. அதன் பின்னர் 1948இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் - நாம் இ.எஸ்.ஐ. என்கிறோமே, அது - வந்தது. 1961இல் அகில இந்தியப் பேறுகால உதவிச் சட்டம் வந்தது. 12 வாரமாயிருந்த ஓய்வு 2017இல் 26 வாரமாயிற்று. ஒரு நூற்றாண்டுப் போராட்டம் இது! ஒவ்வொரு வாரத்துக்கும் ஓர் உழைப்பாளிப் பெண்ணின் கண்ணீர் உண்டு.

"கருவுற்றிருப்பது நோயா? ஊனமா? வேலையின்மையா? எதற்காக உதவி?" என்று கேட்கும் அறிவாளிகள் உண்டு. அவர்களுக்குப் பெரிய அண்ணன் ஒருவர் இருக்கிறார், அமெரிக்காவிலே! அங்கே கலிபோர்னியா மாநிலத்திலே, உடல்நலம் கெட்டு வேலைக்குப் போக முடியாத தொழிலாளிக்கு உதவ, தொழிலாளர் சம்பளத்திலிருந்தே பிடித்த பணத்தால் ஒரு காப்பீட்டு நிதி நடந்தது. கால் முறிந்தால் பணம் உண்டு. குடல் அறுவை என்றால் பணம் உண்டு. கருவுற்ற பெண் கேட்டபோது, "இயல்பான கர்ப்பம் எங்கள் ஊனப் பட்டியலில் இல்லை!" என்றார்கள். வழக்கு நாட்டின் உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 1974இல் தீர்ப்பு வந்தது. பெண் என்பதற்காக யாரையும் ஒதுக்கவில்லையாம்! இந்தத் திட்டம் மக்களை இரண்டாகத்தான் பிரிக்கிறதாம் - கருவுற்றவர், கருவுறாதவர் என்று! கேட்டீர்களா நியாயத்தை? கருவுற்றவர் கூட்டத்திலே ஓர் ஆணைக் காட்டுங்கள் பார்க்கலாம்!

அந்தத் தீர்ப்பைப் பெண்கள் விட்டுவைக்கவில்லை. கிளர்ச்சி செய்தார்கள். 1978இல், கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையிலே வேற்றுமை காட்டக்கூடாது என்று சட்டமே வந்தது. ஆனாலும், செல்வத்திலே புரளும் அந்த நாடு 1993இல் நாடு முழுவதற்குமாகக் கொடுத்த விடுப்பு எவ்வளவு தெரியுமா? 12 வாரம், சம்பளமில்லாமல்! நம்முடைய சட்டம் அந்த வகையிலே மேலானது. பேறுகாலத்தை நோய் என்றும் சொல்லாமல், ஊனம் என்றும் சொல்லாமல், பேறுகாலம் என்றே பெயரிட்டு, அதற்கென்று தனி உரிமை எழுதியிருக்கிறது. சட்டம் நல்ல சட்டம்தான். அது ஏன் வேடசந்தூர் வேனில் ஏற மறுக்கிறது?

ஏனென்றால், தோழர்களே, பேறுகாலச் சம்பளம் ஒன்பதாம் மாதத்திலே தீர்மானிக்கப்படுவதல்ல. வயிறு தெரியும் முன்னரே, சிலருக்குக் கருவே தரிக்கும் முன்னரே தீர்மானிக்கப்படுகிறது! கேலி பேசவில்லை, கணக்கைச் சொல்கிறேன், கவனியுங்கள்.

இ.எஸ்.ஐ.யிலே ஆண்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. பிள்ளை ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையிலே பிறந்தால், முந்திய ஆண்டின் ஏப்ரல் - செப்டம்பரையும், அதற்கும் முந்திய அக்டோபர் - மார்ச்சையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையிலே பிறந்தால், அக்டோபர் - மார்ச்சையும், அதற்கு முந்திய ஏப்ரல் - செப்டம்பரையும் பார்க்கிறார்கள். அந்த இரண்டு காலத்திலும் சேர்த்து 70 நாளுக்குச் சந்தா செலுத்தவேண்டியதாய் இருந்திருந்தால் போதும், உரிமை நிலைத்தது!

ஜூன் மாதத்திலே பிறக்கும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கரு தரித்தது முந்திய செப்டம்பர் வாக்கில். கணக்கு முடிந்துவிடுவதும் அதே செப்டம்பர் 30இல்! அதாவது, அந்தத் தாய்க்கு "உண்டு" "இல்லை" என்பது, அவள் தாயாகப்போவது அவளுக்கே தெரியாத நாட்களிலே, ஆலையின் வருகைப் பதிவேட்டிலே எழுதப்பட்டுவிடுகிறது. அந்தப் பதிவேட்டிலே பெயர் விடுபட்டால்? வந்த நாளை வராத நாள் என்று எழுதினால்? ஆறு மாதம் வேலை வாங்கிவிட்டு, "இப்போதுதான் சேர்ந்தாள்" என்று காட்டினால்? அங்கேதான் கொள்ளை நடக்கிறது! கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஒரு பேனா போதும்!

எழுபது நாள் என்பது பெரிய கணக்கல்ல. ஓராண்டிலே மூன்று மாதம் ஒழுங்காய்ப் பதிந்தாலே எட்டிவிடலாம். அதைக்கூட எட்டவிடாமல் செய்யும் தந்திரங்கள் என்னென்ன?

முதல் தந்திரம், பெயர் மாற்றம். தொழிலாளி என்று சொல்லாதே, பயிற்சியாளர் என்று சொல்! சுமங்கலித் திட்டம் என்று மங்கலப் பெயர் சூட்டி, மணமாகாத பெண்களை மூன்றாண்டு விடுதியிலே அடைத்து வேலை வாங்கியதை இந்த மாவட்டம் பார்த்தது. கோவையும் திருப்பூரும் ஈரோடும் பார்த்தன. திருமணம் நடக்கிறதா, வெளியே போ! பிள்ளை பிறக்கும் வயதுக்கு முன்னால் உழைப்பைப் பிழிந்துகொண்டு, பிள்ளை பிறக்கும் காலத்திலே கையைக் கழுவும் ஏற்பாடு அது. ஆனால் சட்டம் சொல்வதென்ன? 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டப்படி முறையாய்ச் சேர்க்கப்பட்டவர்களுக்கு மட்டுந்தான் இ.எஸ்.ஐ.யிலிருந்து விலக்கு. முதலாளி தன் இஷ்டத்துக்கு "பயிற்சியாளர்" என்று அட்டை அடித்துக் கழுத்திலே தொங்கவிட்டால் அவள் தொழிலாளிதான்!

இரண்டாவது தந்திரம், பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 0.75 பிடித்தம், முதலாளி தன் பங்காக 3.25 சேர்த்துக் கட்டவேண்டும். இது 2019 ஜூலையிலிருந்து உள்ள விகிதம். பிடித்துவிட்டுக் கட்டாவிட்டால், "உன் கணக்கில் பணமே இல்லையே!" என்று பெண்ணைத் திருப்பி அனுப்ப முடியுமா? முடியாது! விதியைப் படியுங்கள். சந்தா "செலுத்தப்பட்ட" நாட்கள் என்று அது சொல்லவில்லை, "செலுத்தப்படவேண்டிய" நாட்கள் என்றுதான் சொல்கிறது. அந்த ஒரு சொல்லிலே ஆயிரம் தாய்மாரின் சோறு இருக்கிறது. முதலாளி ஏமாற்றியிருந்தால், தொழிலாளிக்கு உரியதைக் கழகம் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 1948 சட்டத்தின் 68ஆம் பிரிவு எழுதிவைத்தது. அவன் குற்றத்துக்கு இவள் தண்டம் கட்டவேண்டியதில்லை.

மூன்றாவது தந்திரம், அந்த வெள்ளைத் தாள்! "தானாக விலகுகிறேன்" என்று எழுதி வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை! காப்பீடு பெற்றவர் யார் என்று சட்டம் சொல்லும்போது, தொழிலாளியாய் "இருப்பவர்" என்று மட்டும் சொல்லவில்லை, "இருந்தவர்" என்றும் சேர்த்துச் சொல்கிறது. சந்தா நாட்கள் நிறைந்திருந்தால், வேலையை விட்டபின் பிறந்த பிள்ளைக்கும் பேறுகாலத் தொகை கேட்கலாம். கேளுங்கள்! கேட்கச் சொல்லுங்கள்!

அந்தத் தாள் வேறொரு கதவை அடைத்துவிடும் என்பதையும் மறைக்கக்கூடாது. வேலை இழந்த இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு 90 நாள்வரை உதவித் தொகை என்று 2018இல் ஒரு திட்டம் வந்தது. சராசரிச் சம்பளத்தில் கால் பங்காயிருந்த அந்தத் தொகை 2020இல் பாதியாக உயர்ந்தது. இரண்டாண்டாவது காப்பீட்டில் இருந்திருக்கவேண்டும். விருப்ப ஓய்வு என்று எழுதப்பட்டவருக்கு அதிலே இடமில்லை. ஆகவே முதலாளி நீட்டும் தாளில் "விருப்பம்" என்ற சொல் ஏன் இருக்கிறது என்பது இப்போது புரிகிறதா? ஆலை விலக்கினால், "ஆலை விலக்கியது" என்றே எழுதட்டும். விருப்பம் இல்லாத இடத்திலே விருப்பம் என்று எழுதாதே, தங்கையே!

பேறுகாலத்துக்கு முன்பே உடல் தளர்ந்துவிடும் தாய்மார் உண்டு. ரத்தசோகை, ரத்தக் கொதிப்பு, கால் வீக்கம், "படுத்தே இருக்கவேண்டும்" என்ற டாக்டரின் கட்டளை. அவர்களுக்கும் வழி இருக்கிறது. பேறுகாலத்தால் வந்த நோய் என்று மருத்துவர் சான்று கொடுத்தால், 26 வாரத்துக்கு மேலும் ஒரு மாதம். கரு கலைந்துபோன தாய்க்கு 6 வாரம். பொதுவான நோய்க்கால உதவி தனி. ஒரு சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா இருந்தால், ஆண்டில் 91 நாள்வரை, சம்பளத்தில் நூற்றுக்கு 70. எழுபது நாள் எதற்கு, எழுபத்தெட்டு நாள் எதற்கு என்று தெரிந்துகொண்டவள் மூன்று கதவையும் முறையாய்த் தட்டுகிறாள். தெரியாதவள், ஒரு கதவு மூடியதும், வீடே பூட்டிக்கிடக்கிறது என்று திரும்பிவிடுகிறாள்.

இ.எஸ்.ஐ. இல்லாத இடத்திலே? அங்கே 1961 சட்டம் நின்றது. 2025 நவம்பர் 21இல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. பெயர் மாறினாலும் அடிப்படை அதே. முந்திய 12 மாதத்திலே 80 நாள் வேலை பார்த்திருந்தால், சம்பளத்தை முதலாளியே கொடுக்கவேண்டும். எழுத்திலே அறிவிப்புக் கொடுத்து, கருவுற்றதற்குச் சான்று காட்டினால், பேற்றுக்கு முந்திய நாட்களின் தொகை முன்பணமாகவே வரவேண்டும். குழந்தை பிறந்ததற்குச் சான்று காட்டிய 48 மணி நேரத்துக்குள் மீதி வரவேண்டும். பேறுகால விடுப்பிலே இருக்கும்போது வேலை நீக்கம் செய்வது சட்டவிரோதம்.

"நான் தினக்கூலி, எனக்கெல்லாம் ஏது?" என்று சொல்லும் சகோதரிக்கு இரண்டு தீர்ப்புகளை நினைவூட்டுகிறேன். டெல்லி மாநகராட்சியிலே மஸ்டர் ரோலில் கூலி வேலை பார்த்த பெண்கள், "நிரந்தர ஊழியருக்கு மட்டுந்தான் பேறுகால விடுப்பா?" என்று வழக்காடினார்கள். 2000ஆம் ஆண்டிலே உச்சநீதிமன்றம், தினக்கூலிப் பெண்ணுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. இன்னொன்று, நம் கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்திலே தொடங்கிய வழக்கு. ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு 12 வாரப் பேறுகாலத் தொகையைக் கணக்கிட்ட நிர்வாகம், 12 ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டு 72 நாளுக்குத்தான் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பிள்ளைக்குப் பசிக்காதா? 1977இல் உச்சநீதிமன்றம், வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் சேர்த்துத்தான் என்று தீர்த்தது. 84 நாள்! பன்னிரண்டு நாள் கூலிக்காகத் தலைநகர் வரை போய் வென்றிருக்கிறது மலைத்தோட்டத்து உழைப்பு. அந்தப் பன்னிரண்டு நாளை விட்டுக்கொடுக்காத மனம் நமக்கு வேண்டும்.

இனி, எந்தக் கதவும் இல்லாதவர்களைப் பார்ப்போம். நிலக்கோட்டையிலே விடியுமுன் மல்லிகை பறிக்கும் கைகள். ஒட்டன்சத்திரம் சந்தைக்காக வெயிலிலே காய் பறிக்கும் கைகள். சின்னாளபட்டியிலே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் கைகள். இவர்களுக்கு ஆலை வாயில் இல்லை, பதிவேடு இல்லை, முதலாளி யார் என்பதே நாளுக்கு நாள் மாறும். இவர்களுக்காக இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராய் வீற்றிருந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய அந்த அம்மையாரின் பெயரால் நடக்கும் இத்திட்டத்திலே, 2006இல் கலைஞர் ஆட்சி தொகையை ரூ. 6,000 ஆக்கியது. 2011இல் அது ரூ. 12,000 ஆயிற்று, 2018இல் ரூ. 18,000. அதிலே ரூ. 14,000 பணம், ரூ. 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகம். யார் உயர்த்தினாலும் உயர்ந்தது தாயின் வயிற்றுக்கு, வரவேற்போம்.

ஆனால் கணக்கைப் பார்க்காமல் கைதட்டக்கூடாது. அரசு ஊழியரான பெண்ணுக்குத் தமிழ்நாட்டிலே 2021 ஜூலையிலிருந்து 12 மாதச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. நல்லது, அவர் போராடிப் பெற்றது, அதிலே ஒரு நாளும் குறையக்கூடாது. ஆலைப் பெண்ணுக்கு 26 வாரம். மல்லிகை பறிக்கும் பெண்ணுக்கு ரூ. 14,000. அதை அதே 26 வாரத்துக்கு, 182 நாளுக்குப் பிரித்தால், நாளொன்றுக்கு 77 ரூபாய்கூட முழுதாய் இல்லை! மூன்று பேரும் சுமப்பது பத்து மாதந்தான். மூன்று பேருக்கும் வரும் வலி ஒரே வலிதான். அளக்கும் படி மட்டும் ஏன் மூன்று?

இங்கேதான் முதலாளிமார் குறுக்கே வருகிறார்கள். "26 வாரச் சம்பளம் என்றால் பெண்களை வேலைக்கே வைக்கமாட்டோம். உங்கள் சட்டமே உங்கள் பெண்களுக்கு எதிரி" என்கிறார்கள். கேட்பதற்குக் கவலைப்படுவதுபோல் இருக்கிறது. பதில் சொல்வோம்.

இ.எஸ்.ஐ. இருக்கும் ஆலையிலே பேறுகாலச் சம்பளத்தை முதலாளி கொடுக்கிறாரா? இல்லையே! கழகத்தின் நிதியல்லவா கொடுக்கிறது! ஆண் தொழிலாளிக்கும் அவர் கட்டுவது 3.25, பெண் தொழிலாளிக்கும் அதே 3.25. பெண்ணை நீக்கிவிட்டு ஆணை வைத்தால் சந்தாவிலே ஒரு காசு மிச்சமாகாது. ஆகவே அங்கே அந்த வாதம் வெறும் சாக்கு! அந்த நிதியிலே யாருடைய பணம் இருக்கிறது? திண்டுக்கல் தோல் ஷாப்பிலே உழைக்கும் அண்ணனின் 0.75 இருக்கிறது. ஆலையிலே பிள்ளை பெறும் வயது தாண்டிய அக்காளின் 0.75 இருக்கிறது. பிள்ளை பெறாதவரும் பெற்றவருக்குக் கொடுக்கிறார். கை ஒடியாதவரும் ஒடிந்தவருக்குக் கொடுக்கிறார். தொழிலாளி வர்க்கம் தனக்குத் தானே கட்டிய உண்டியல் அது. உண்டியலிலிருந்து தன் பங்கை எடுப்பவள் பிச்சைக்காரியா?

இ.எஸ்.ஐ. எட்டாத இடத்திலே, முழுச்சுமையும் ஒரு முதலாளி தலையில் விழுகிறது என்பது உண்மைதான். அப்படிப்பட்ட இடத்திலே கடை நடத்துபவர், இளம்பெண் வேலை கேட்டு வந்தால் தயங்குகிறார் என்பதும் உண்மைதான். அதற்கு மருந்து, பெண்ணின் உரிமையைக் குறைப்பதா? சுமையைப் பங்கிடுவது அல்லவா! 1928இல் அம்பேத்கர் சொன்னதும் அதைத்தானே - அரசும் தாங்கு, முதலாளியும் தாங்கு! ஆகவே நம் கோரிக்கை இதுதான்: எந்தக் கூரையின் கீழ் உழைத்தாலும், கூரையே இல்லாமல் உழைத்தாலும், பேறுகாலச் சம்பளம் பொது நிதியிலிருந்து வரவேண்டும். வயற்காட்டுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 வாரத்துக்கு, 84 நாளுக்கு, அரசே நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி கிடைக்கவேண்டும். மல்லிகைப் பெண்ணின் படியை உயர்த்து! மற்றவர் படியைத் தாழ்த்தாதே!

கோரிக்கை வெல்லும்வரை கைகட்டி நிற்பதா? கழகத் தோழனுக்கு அதற்கு முன்னால் வேலை இருக்கிறது. மேடை போடும் தோழனே, கொடி கட்டும் தம்பியே, உன் ஊரிலிருந்து ஆலை வேனில் ஏறும் பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடு. அவர்களுக்கு இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று கேள். எண் இருந்தால் போதாது. மாதாமாதம் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பார்க்கச் சொல். சம்பளச் சீட்டைக் கிழித்தெறியாமல் தகரப்பெட்டியிலே வைக்கச் சொல். கரு உறுதியானதும் சுகாதார நிலையத்திலே பதிவு செய்து பிக்மி எண் வாங்கித் தா. நலவாரிய அட்டை காலாவதியாகிக் கிடந்தால் புதுப்பிக்க அழைத்துப் போ. வெள்ளைத் தாள் நீட்டினால், "என் அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லச் சொல். அந்த அண்ணன் நீதான்!

உன் மனைவிக்கும் இதைச் சொல். உன் இ.எஸ்.ஐ. அட்டையால் அவளுக்கு மருத்துவம் கிடைக்கும். பேறுகாலச் சம்பளம் கிடைக்காது. அது அவள் பெயரிலே சந்தா ஏறியிருந்தால்தான். "நான் இருக்கிறேனே, உனக்கெதற்குத் தனி எண்?" என்று கேட்கும் கணவன், தன் வீட்டு வாசலிலே வந்து நிற்கும் ரூ. 72,000ஐத் தானே விரட்டுகிறான்.

தனியாய்ப் போனால் வாயிற்காவலர் விரட்டுவார். சங்கமாய்ப் போனால் நாற்காலி போடுவார். இதற்குச் சான்று தேடி வெளியூர் போகவேண்டியதில்லை. 2021 ஜனவரியிலே, இந்த மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் உழைத்த தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண் ஒருவர் கொலையுண்டார். அழுது அடங்கிவிடவில்லை பெண்கள். சங்கமாய் நின்றார்கள். 2022 ஏப்ரலிலே, அந்தச் சங்கத்தோடு ஆலை நிர்வாகமும் கடல்கடந்த பெரிய ஆடை வணிக நிறுவனங்களும் கையெழுத்திட்டு, பெண் தொழிலாளர் மீதான கொடுமையைத் தடுக்க உடன்படிக்கை பிறந்தது. உலகம் அதற்கு வைத்த பெயர் என்ன? திண்டுக்கல் உடன்படிக்கை! பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர், பூட்டுத் திறந்ததற்கும் பெயர்பெற்றது. பேறுகாலத்தைக் கேட்கவும் அதே சங்கம் போதும், அதே துணிவு போதும்.

தோழர்களே! இரும்புக் கதிருக்கு எண்ணெய் விடும் நாடு, அதைச் சுழற்றும் பெண்ணுக்கு ஓய்வு தர மறுக்கக்கூடாது. அவள் சுமப்பது நாளைய தொழிலாளியை, நாளைய ஆசிரியரை, நாளைய தமிழகத்தை. அந்தச் சுமைக்குக் கூலி கேட்பது உரிமை. கேட்கத் தெரியாதவளுக்குக் கேட்கக் கற்றுக்கொடுப்பது நம் கடமை.

இன்று இரவு, ஆலை விட்டு வேன் வந்து நிற்கும்போது, இறங்கும் சகோதரியைக் கேளுங்கள்: "அம்மா, உன் கணக்கில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது?"

எழுபது ஏறட்டும்! பிறகு எவர் தடுப்பார் என்று பார்ப்போம்!